மதுவை எதிர்த்த இரண்டு வழிகள்

அமெரிக்காவில் மதுவை ஒழிக்கக் கிளம்பியவர்களில் இரண்டு அமைப்புகள் முக்கியமானவை. 1874-ல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் ஒன்று. 1893-ல் ஒஹாயோவின் ஓபர்லின் ஊரில் பிறந்த சலூன் எதிர்ப்பு லீக் இன்னொன்று; அங்கே சலூன் என்றால் மதுக்கடை.

சங்கத்தை 1879 முதல் வழிநடத்திய பிரான்சஸ் வில்லார்டுக்குக் குடி என்பது தனியாக வந்த நோய் அல்ல. குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு ஓட்டு வேண்டும், தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும், சிறைகள் திருந்த வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே பேசினார். அந்த விரிந்த மனசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

லீக்குக்கு ஒரே கேள்விதான். வேட்பாளர் எந்தக் கட்சி, அவரே குடிப்பாரா என்றுகூடப் பார்க்கவில்லை. மதுவுக்கு எதிராக ஓட்டுப் போட்டால் போதும். எதிர்த்து நின்றால் தேர்தலில் வீழ்த்தினார்கள். 1905-ல் ஒஹாயோ ஆளுநர் மைரன் ஹெரிக் தோற்றதில் அவர்கள் கை இருந்தது.

சரி, யார் ஜெயித்தார்கள்? 1919-ல் மதுவிலக்குக்கான 18-வது சட்டத்திருத்தம் உறுதியானதில் லீக்கின் பங்கு மிகப் பெரிது. ஆனால் 1933-லேயே அது ரத்தானது. 1920-ல் பெண்களின் ஓட்டுரிமைக்காக வந்த 19-வது திருத்தமோ இன்றும் நிற்கிறது. 1898-ல் இறந்துபோன வில்லார்ட் அதைப் பார்க்கவில்லை.