பெங்களூரா தோட்டக்காரருக்கு பிரிக்ஸ் மீட்டர் தேவையா?

கிருஷ்ணகிரியில் கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா மாம்பழம் அனுப்புகிற எல்லோரும் கேட்டிருப்பீர்கள். லோடு உள்ளே போனதும் 'பிரிக்ஸ் பத்தல', அதாவது சாற்றில் சர்க்கரை அளவு போதவில்லை என்று டன்னுக்கு விலையைக் குறைப்பார்கள். அங்கே கண்ணில் வைத்துப் பார்க்கிற அந்தக் குழல், அதாவது பிரிக்ஸ் மீட்டர், நம்ம கையிலும் இருக்கட்டுமே என்றுதான் ஆன்லைனில் வாங்கினேன். 0 முதல் 32 வரை அளவு, விலை ஆயிரத்துச் சொச்சம். கூடவே சொட்டுக்குழாயும் குட்டி ஸ்க்ரூ டிரைவரும்.

முனையில் சரிவாக ஒரு பட்டகக் கண்ணாடி. அதில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சம் பார்த்துப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் பிரிகிற கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ். பேட்டரி கிடையாது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த முழு அக எதிரொளிப்புதான் இதன் அடிப்படை. கண்ணாடிக்குள்ளிருந்து சாற்றை நோக்கிப் போகும் ஒளி மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிச் சாய்ந்தால் வெளியேறாது, முழுசாகத் திரும்பிவிடும். எதிர்த்திசையில், சாறு வழியாகக் கண்ணாடிக்குள் இறங்கும் வெளிச்சமும் அந்தக் கோணத்தைத் தாண்டாது. அதற்கு அப்பால் இருட்டு. அதைத்தான் நீலமாகப் பார்க்கிறோம். சர்க்கரை கூடினால் சாற்றின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) கூடும்: தண்ணீருக்கு 1.333, 20 பிரிக்ஸ் கரைசலுக்கு 1.364. கண்ணாடிக்கு 1.52 என்று வைத்தால் அந்தக் கோணம் 61 டிகிரி சொச்சத்திலிருந்து 64 கிட்டப் போகும். இந்த இரண்டரை டிகிரியைத்தான் லென்ஸ் பெரிதாக்கிக் காட்டுகிறது.

பச்சைக் காயில் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். காயில் இருக்கும் மாவுச்சத்து சாற்றில் கரையாது, மீட்டருக்கும் தெரியாது. பழுத்துச் சர்க்கரையானால்தான் எண் ஏறும். பெங்களூரா கூழுக்குப் பொதுவாக 14 கேட்பார்கள். ஒரே பழத்தில் காம்புப் பக்கம் ஒன்று, மூக்குப் பக்கம் ஒன்று காட்டும். இரண்டையும் கலந்து பிழிந்துதான் பார்க்கிறேன். கூழாகவே விட்டால் கோடு மங்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கத்தி மாதிரி விழுகிறது.

குறையும் இருக்கிறது. வெப்பத்துக்குத் தானே சரிசெய்துகொள்ளும் என்று போட்டிருக்கிறார்கள், அது 10 முதல் 30 டிகிரிக்குள்தான். மே மாத மதியத்தில் காவேரிப்பட்டணத்தில் 30 டிகிரிக்கு எங்கே போவது? விடிகாலையில், நிழலில், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை வைத்து, கோடு 0-இல் நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருகுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பும் எண்ணில் சேரும். மூடி பிளாஸ்டிக், கீல் இப்போதே லூசு. குழாயடியில் காட்டிக் கழுவினால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும், ஈரத்துணியே போதும்.

டிஜிட்டல் மீட்டரிலும் இதே சங்கதிதான். எல்இடி வெளிச்சம் எந்தக் கோணத்தில் முழுசாகத் திரும்புகிறது என்று சென்சார் பார்க்கும். விலை பல மடங்கு. தோட்டத்துக்கு அது அதிகம்.

இப்போதெல்லாம் லோடு ஏற்றும் முன் நாலைந்து பழம் பார்த்து, எண்ணை ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பேரம் நிற்கவில்லை. ஆனால் 'பத்தல' என்றால் 'எத்தனைங்க காட்டுது?' என்று கேட்க முடிகிறது, அதற்கே போட்ட காசு வந்தாச்சு. ஊறுகாய்க்குக் காயாகவே கொடுக்கிறவர்கள் வாங்க வேண்டாம்.