டயலா, பின்மூடியா?

பழைய கைக்கடிகாரம் ஒன்று பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்ததுதானா என்று தெரிய டயலைப் பார்ப்பதா, பின்மூடியைப் பார்ப்பதா? என் ஓட்டு பின்மூடிக்கே. 1945 வாக்கில் ஒமேகா, லாஞ்சின்ஸ் உட்பட 12 நிறுவனங்கள் செய்துகொடுத்த கடிகாரங்களில் அகன்ற அம்புக்குறி (பிரிட்டிஷ் அரசின் சொத்து என்ற அடையாளம்), 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' ('வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்' என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகள், ராணுவ எண் எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும்.

டயலிலும் அம்பு உண்டு. ஆனால் அதை அச்சடிப்பது பெரிய வித்தையில்லை. இன்னொரு சிக்கல்: இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய டயல்களைப் பிற்பாடு ராணுவமே கழற்றி, வட்டத்துக்குள் 'டி' போட்ட, டிரிட்டியம் என்ற வேறொரு ஒளிர்பொருள் பூசிய டயல்களை மாட்டியதுண்டு. அதனால் டயல் காலத்தால் பிந்தியது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, மூடியையும் மாற்றலாமே? மாற்றலாம்தான். அப்புறம் பட்டை கோக்கும் கம்பியை அசைத்துப் பாருங்கள்; கழலாமல் கடிகாரத்தின் உடலோடு ஒட்டியிருந்தால், ராணுவத்துக்குச் செய்ததுதான் என்ற நம்பிக்கை கூடும்.