வகையால் சுருக்குவதா, பண்புகளால் சுருக்குவதா?

விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் 10 கோடிக்கும் மேல் உருப்படிகள்; ஆள், ஊர் என ஒவ்வொன்றும் ஓர் உருப்படி, அதற்குப் பிறந்த தேதி, அணி போன்ற பண்புகள். கொஞ்சம் அகலமாக ஸ்பார்க்கிள் (அதன் வினவல் மொழி) கேள்வி போட்டால் 60 நொடியில் டைம்அவுட், அதனால்தான் ஒத்த உருப்படிகளைக் குழுவாக்கிய ஒரு சிறிய சுருக்கம் தேவைப்படுகிறது.

எளிய வழி, பி31 (ஓர் உருப்படி எந்த வகை என்று சொல்லும் பண்பு) பார்த்து ஒரே வகையில் உள்ளவற்றையெல்லாம் சுருக்கப் படத்தில் ஒரே முனையாக்குவது, அதாவது ஒரே புள்ளியாக்குவது. படம் கைக்கு அடக்கமாக வரும், ஆனால் ‘மனிதர்’ என்ற ஒரே மூட்டையில் சோழ மன்னரும் கிரிக்கெட் வீரரும் கிடப்பார்கள், அணி, துணைவர், ஆட்சிக்காலம் எல்லாம் எல்லோருக்கும் இருப்பதுபோலத் தோன்றும். பி31 இல்லாத உருப்படி? சுருக்கத்திலேயே வராது.

இன்னொரு வழி, ஒரே பண்புத் தொகுப்பு உள்ளவற்றை ஒன்றாகச் சேர்ப்பது. பிறந்த தேதியும் அணியும் சேர்ந்து உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அந்த இரண்டும் உள்ள குழுக்களைக் கூட்டினால் போதும், எண்ணிக்கை அப்படியே கிடைக்கும். தொல்லை என்னவென்றால், ஒருவருக்குப் புகைப்படம் என்ற பண்பு மட்டும் விட்டுப்போனால்கூட அவர் தனிக் குழு, குழுக்கள் ஈசல்போலப் பெருகும்.

நான் இரண்டாவதன் பக்கம், சில்லறைக் குழுக்களைப் பெரியவற்றோடு இணைத்துவிட்டு. எண்ணிக்கை அப்போது தோராயம்தான், பரவாயில்லை.