தஞ்சாவூர் "மூன்று நாள்" பயணம்: காசு கட்ட முன்னம் இதை ஒருக்கால் வாசியுங்கள்

நேற்றிரவு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. மார்கழி விடுமுறைக்கு மதுரை, மூன்று பகல் இரண்டு இரவு, குடும்பமாக வந்தால் விலைக்கழிவு. பயண முகவர் கடையின் பெயர் புதிது. ஆனால் கீழே இருந்த தொலைபேசி இலக்கம் எனக்கு மனப்பாடம். ஆகஸ்டில் அந்த இலக்கத்துக்கு நான் எடுத்த அழைப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. எங்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பிய அதே ஆள்தான். போனது போகட்டும் என்று மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. அவர்மேல் நான் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் என்பது ஒரு கலண்டர் படம். எத்தனையோ இடப்பெயர்வில் எதை எதையோ விட்டுவிட்டு வந்தவர், அந்தப் படத்தை மட்டும் மடித்து உடுப்புப் பெட்டிக்கு அடியில் கொண்டு திரிந்தார். சின்னம்மாவின் கதை வேறு. 1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறி, மண்டபம் முகாமுக்குப் போய், பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாமில் சில வருடம் இருந்தவர். அங்கிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் போகவில்லை. முகாமில் செக்கிங் நாளில் ஆள் இல்லாவிட்டால் பதிவு வெட்டுப்படும் என்ற பயம். "பக்கத்திலை இருந்தும் பாக்கேல்லை" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம்.

இந்த வருடம் ஆகஸ்டில் போயா என்ற பௌர்ணமி விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேரடி விமானமும் இருந்தது. முன்பென்றால் இரவிரவாகக் கொழும்புக்குப் பஸ் ஏறவேண்டும். காலபோக நெல் விற்ற காசில் மிச்சமும் மனைவியின் சீட்டுக் காசும் கையில் இருந்தன. மாடுகளைப் பார்க்க மனைவி நின்றுகொள்வதாகச் சொல்ல, அம்மா, சின்னம்மா, பதினாலு வயது மகள், நான் என்று நாலு பேருக்குக் கதை சரிவந்தது.

ஏ9 வீதியோரம், கிளிநொச்சியில், ஒரு மேசையும் இரண்டு கதிரையும் சுவரில் தாஜ்மகாலும். அதுதான் கடை. ஆள் நல்ல மரியாதை. "அண்ணை, நீங்கள் பரந்தன் எண்டால் எங்கட ஆக்கள்தானே, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். அந்த ஒரு வசனத்தில் நான் கேட்க நினைத்துப் போன கேள்விகள் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன. எங்கட ஆளிடம் ரசீது கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரே! தலைக்கு 1 இலட்சத்து 35 ஆயிரம் இலங்கை ரூபா, நாலு பேருக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம். விமானம், ஏசி வான், பெரிய கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஹோட்டல், வழிகாட்டி, கும்பகோணம், தாராசுரம், காலைச் சாப்பாடு எல்லாம் அடக்கம். காசை அவருடைய மைத்துனரின் கணக்கில் போடச் சொன்னார். போட்டேன். பிறகு விசாவுக்கு "அவசரக் கட்டணம்" என்று தலைக்கு இன்னும் 15 ஆயிரம். இந்திய அரசின் இணையத்தளத்திலேயே ஈவிசாவுக்கு நாமே விண்ணப்பிக்கலாம் என்பதும், அதற்குத் தேவை கடவுச்சீட்டுப் பிரதியும் ஒரு படமும் கொஞ்சம் பொறுமையும்தான் என்பதும் பிறகு தெரிந்தது. மகள் இப்போது அயலில் இரண்டு பேருக்குச் சும்மா நிரப்பிக் கொடுத்திருக்கிறாள்.

டிக்கெட் கையில் வந்தது புறப்படுவதற்கு முதல்நாள் இரவு. அதை வாசித்தபோதுதான் முதல் அடி விழுந்தது. வெள்ளி பின்னேரம் திருச்சியில் இறங்க வேண்டும், ஞாயிறு மதியம் அங்கிருந்து ஏற வேண்டும். மூன்று நாள் நோட்டீசில்தான். ஊர் பார்க்கக் கிடைத்தது ஒரேயொரு சனிக்கிழமை.

திருச்சியில் ஏசி வான் நிற்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு பழைய கார் வந்தது. பின்சீட்டில் மூன்று பேர் ஒருவரின் மடியில் ஒருவராக இருந்து போனோம். சாரதி வழியிலேயே டீசலுக்கு 2,000 இந்திய ரூபா கேட்டார். எல்லாம் கட்டிவிட்டோம் என்றேன். "சார், எனக்கு அவங்க ஒரு பைசா அனுப்பல" என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

ஹோட்டல் கதைதான் பெரிய கதை. தஞ்சாவூரில் அந்த லாட்ஜின் மேசையில் நாலு கடவுச்சீட்டையும் வைத்தோம். பெடியன் மேலட்டையில் இருந்த இலங்கைச் சிங்கத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தான். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் ஹோட்டல்காரர் 24 மணித்தியாலத்துக்குள், அப்போது "சி ஃபார்ம்" என்றிருந்த படிவத்தை இணையம் வழியாக வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். சின்ன லாட்ஜ்கள் பல இந்தத் தொல்லைக்குப் பயந்து வெளிநாட்டவரை எடுப்பதே இல்லை. எங்கள் ஆள் அறையைப் பதிந்தபோது நாங்கள் இலங்கையர் என்று சொல்லவே இல்லையாம். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து இருக்கச் சொன்னார். "பேச்சு நம்ம பேச்சு மாதிரிதான் இருக்கு, ஆனா பாஸ்போர்ட் வேறயாச்சே" என்று அவரே சங்கடப்பட்டார். இரவு ஒன்பதரைக்கு வல்லம் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு அறை கிடைத்தது. பெரிய கோயிலிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல். அறைக்கு 3,800 இந்திய ரூபா, எங்கள் கைக்காசு. கிளிநொச்சிக்கு அழைத்தேன். "அண்ணை, பில்லை வச்சிருங்கோ, வந்த உடனை தாறன்."

சனி காலை எட்டுக்கு வரவேண்டிய சாரதி பதினொன்றேகாலுக்கு வந்தார். பெரிய கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர நடை சாத்தும் நேரம். நண்பகல் 12.30இலிருந்து மாலை 4 மணி வரை சன்னிதி அடைத்திருக்கும் என்பது அந்த ஊரில் பிச்சையெடுப்பவருக்கும் தெரியும். பயணத்திட்டம் எழுதியவருக்கு மட்டும் தெரியாது. வாசலில் வழிகாட்டி என்று ஒருவர் சேர்ந்துகொண்டார். கடவுச்சீட்டைப் பார்த்தவுடனே, "வெளிநாட்டவர் டிக்கெட்" என்று தலைக்கு 500 ரூபா வாங்கிக்கொண்டு போய், நாலு சின்னத் துண்டுகளோடு வந்தார்.

அங்கே நுழைவுக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்தியருக்கும் இல்லை, வெளிநாட்டவருக்கும் இல்லை. யுனெஸ்கோ 1987இல் பட்டியலில் சேர்த்த கோயில், தொல்லியல் துறை பராமரிக்கிறது, ஆனால் உள்ளே போக ஒரு சதம் வேண்டாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மாமல்லபுரம் போலத் தொல்லியல் துறை டிக்கெட் விற்கும் இடங்களிலும் இலங்கை போன்ற சார்க் (தென்னாசியக் கூட்டமைப்பு) நாட்டுக் கடவுச்சீட்டுக்கு இந்தியருக்கான கட்டணம்தான். கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டி நாமே வாங்கலாம். எங்களுக்குக் கிடைத்த துண்டுகளை மகள் இரவு அறையில் வைத்து வாசித்தாள். வாகனம் நிறுத்தியதற்கானவை.

நண்பகலில் அந்தக் கல் முற்றத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்தவருக்குத்தான் அந்தச் சூடு தெரியும். அம்மா ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்கிறார், வழிகாட்டி நிழல் விழாத கோபுரம் என்று அடித்து விடுகிறார். "பாருங்க சார், எங்கயாச்சும் நிழல் இருக்கா?" உச்சி வெயிலில் எங்கே இருக்கும்? விமானம் என்கிற அந்தக் கோயில் கோபுரத்தின் நிழல் அந்த நேரம் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே இருப்பது 80 தொன் ஒற்றைக்கல் என்றார். அது பல துண்டாகச் செதுக்கிப் பொருத்தியது என்று கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 216 அடி உயரத்தில் கல்லின் மேல் கல் ஏற்றி 1010இல் கட்டி முடித்த கோயிலுக்கு இந்தப் பொய்கள் எதற்கென்றுதான் எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது வேறொன்று. ராஜராஜன் ஈழத்தில் இருந்த ஊர்களையும் இந்தக் கோயிலுக்கு எழுதிவைத்தான். கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் வெற்றிகொண்ட நாடுகளின் வரிசையில் ஈழமண்டலமும் வரும். ஈழத்து ஊர்கள் வரும் கல்வெட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று முடித்துவிட்டார். சின்னம்மாவுக்கு விசயத்தை விளக்கிச் சொன்னேன். டிக்கெட் காசு கொடுத்த கடுப்பில் நின்ற மனுசி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப ஆயிரம் வருசத்துக்கு முந்தியும் எங்களிட்டைத்தான் வாங்கினவங்கள்." அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போது ஒருதரம்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அரண்மனையும் சரஸ்வதி மகாலும் என்று திட்டத்தில் இருந்தது. "இன்னைக்கு மூடியிருக்கு சார்" என்றார் சாரதி. அப்புறம் கார் போய் நின்றது ஓர் ஓவியக் கடையில். குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். 22 கரட் தங்கத்தகடு என்று சொல்லி, வெண்ணெய்த் தாழிக் கண்ணன் ஒன்றை அம்மாவின் முன் வைத்தார்கள். புது வீட்டுச் சாமியறைக்கு என்று அம்மா என்னைப் பார்த்தார். 9,500 ரூபா. இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. உண்மையான தஞ்சாவூர் ஓவியம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பசையால் புடைப்பு வேலை செய்து, அதன்மேல் தங்கத்தாள் பதித்துச் செய்வது. எங்கள் கண்ணன் வந்து இரண்டாம் மாதமே கழுத்துப் பக்கம் பச்சையும் கறுப்புமாக மாறத் தொடங்கினான். பிறகு பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் காட்போட் மட்டை. வாங்கத்தான் வேண்டும் என்றால் பூம்புகார் என்ற அரசுக் கைவினைக் கடை தஞ்சாவூரிலேயே இருக்கிறது. சாரதி கூட்டிப்போகும் கடையில் அவருடைய தரகும் நம் விலையில்தான் ஏறும்.

கடையிலிருந்து திரும்பும்போது அரண்மனை வாசலால்தான் வந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். கும்பகோணத்துக்கு இனி நேரமில்லை என்றும் அவரே சொன்னார்.

பின்னேரம் காரை அனுப்பிவிட்டு ஓர் ஆட்டோவில் நாங்களே திரும்பக் கோயிலுக்குப் போனோம். இதை எழுதாவிட்டால் அநியாயம். நடை திறந்திருந்தது. அந்தப் பெரிய லிங்கத்துக்கு முன்னால் அம்மா எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் மணி பார்க்கவில்லை. வெளியே வந்தபோது கல் சூடு ஆறியிருந்தது, ஊர்ச்சனம் குடும்பம் குடும்பமாக முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தது. மகள் என் கையை இழுத்தாள். "அப்பா, அங்கை பாருங்கோ." விழவே விழாத நிழல் கிழக்குப் பக்கமாக நீட்டி நிமிர்ந்து கிடந்தது. அதற்குள் போய் இருந்தோம். சின்னம்மா கச்சான் வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை சாரதியின் தொலைபேசி அணைந்திருந்தது. ஹோட்டல் காவலாளிதான் திருச்சிப் பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். திருச்சியிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ. அங்கே, எங்கள் டிக்கெட் விபரங்களில் அனுமதித்த எடைக்கு மேல் என்று கண்ணனுக்குத் தனியாகக் கட்டணம்.

ஊருக்கு வந்து பில்களோடு கடைக்குப் போனேன். "அங்கை உள்ள ஆக்கள் செய்த பிழைக்கு நான் என்ன செய்யிறது அண்ணை?" என்றார். இரண்டு கிழமை நடந்து, 20,000 ரூபா தந்தார். அடுத்த மாதம் கடை பூட்டியிருந்தது.

கேட்கத் தவறியவற்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். பயண முகவர் என்றால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கவேண்டும். சுவரில் தாஜ்மகாலுக்குப் பதிலாக அந்தச் சான்றிதழைத் தேடுங்கள். டிக்கெட் பதிவு இலக்கத்தைக் காசு கட்டிய அன்றே வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், நேரமும் பொதி எடையும் அதில் தெரியும். ஹோட்டலின் பெயரை எழுத்தில் வாங்கி, நேரே அழைத்து, "இலங்கைக் கடவுச்சீட்டு, வெளிநாட்டவருக்கான படிவம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். மைத்துனரின் கணக்கில் காசு போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். நான் எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். வங்கித் துண்டும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இருந்தபடியால்தான் முறைப்பாட்டை எடுத்தார்கள்.

புது நோட்டீசை அடையாளம் காண்பது சுலபம். மேலே மதுரைக் கோபுரம், கீழே "எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்" என்று நாலு சின்னப் படங்கள். அதில் மூன்றாவது சாரதி எடுத்தது. பெரிய நந்திக்குப் பக்கத்தில் நீலக் கரைச் சேலையோடு நிற்பவர் என் அம்மா. சிரிப்பது மாதிரித் தெரியும். சிரிக்கவில்லை, கால் சுடுகிறது.