ஹாலோவீன் பலகாரம்: குழந்தையின் கைக்கு எதில் வேலை இருக்கிறது?

அமெரிக்காவில் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை வேடமிட்டு மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, வீட்டில் பிடித்த பாப்கார்ன் உருண்டையும் பாகில் தோய்த்த ஆப்பிளும் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் தின்பண்டத்தில் நஞ்சோ பிளேடோ வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் 1970களில் பரவியபின் அவ்வழக்கம் தேய்ந்துபோனது. இந்த அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அறிமுகமற்றவர் இப்படிக் கொடுத்த பண்டத்தால் குழந்தை ஒன்று இறந்ததாக உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியும்கூட, வாசலில் இன்று செல்லுபடியாவது உறையிட்ட கடை மிட்டாய் மட்டுமே. ஆகவே வீட்டில் செய்வது வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும்தான். கோணல்மாணலாக வந்தாலும் பாதகமில்லை என்பது இதில் உள்ள வசதி.

மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். மொத்த வேலையில் எவ்வளவு பங்கு குழந்தையின் கையால் நடக்கிறது? செய்த குழந்தையே அதை அச்சமின்றித் தின்ன முடியுமா? படத்தில் எப்படித் தெரியும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

படத்தில் மிக அழகாகத் தெரியும் கேரமல் ஆப்பிள் இந்த இரண்டு கேள்விகளிலுமே தோற்கிறது. கேரமல் உரிய பதத்துக்கு வர ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். கொதிநீர் பட்டால் வழிந்தோடிவிடும், பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் குழந்தையை அடுப்பங்கரைக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. கடை ஆப்பிளின் மெழுகுப் பூச்சை வெந்நீரில் கழுவித் துடைப்பதும் குச்சி செருகுவதும்தான் அதற்கு மிஞ்சும் வேலை. அந்தக் குச்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. 2014இன் இறுதியில் தொழிற்சாலைக் கேரமல் ஆப்பிள்கள் வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி 12 மாநிலங்களில் 35 பேர் நோயுற்றனர். குச்சி செருகிய இடத்தில் கசியும் சாறு கேரமலுக்கும் தோலுக்கும் இடையில் தேங்கிக் கிருமி வளர இடம் தருவதும், வெளியே வைத்த பழங்களில் அது விரைந்து பெருகுவதும் பிறகு நடந்த ஆய்வில் தெரியவந்தன. வீட்டில் செய்துதான் தீருவோம் என்பவர்கள் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தின்றுவிடுவது நல்லது.

பாப்கார்ன் உருண்டை நமக்குப் பழக்கமான வேலை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு, பாகு ஆறுவதற்குள் கையில் நெய் தடவிக்கொண்டு உருட்டும் அவசரம் தெரியும். அந்த அவசரமே குழந்தைக்கு ஒத்துவராது. மேலும் நான்கு வயதுக்குட்பட்டோருக்குப் பாப்கார்ன் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது, ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற கெலாக் நிறுவனத்தின் அரிசிப் பொரியில் செய்யும் கட்டி. மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில், கெலாக் நிறுவனப் பணியாளர்களான மில்ட்ரட் டேயும் மலிட்டா ஜென்சனும் 1939இல் உருவாக்கிய பண்டம் இது. மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் 283 கிராம் மார்ஷ்மெல்லோவை (பஞ்சு போன்ற மிட்டாய்) சிறுதீயில் உருக்கி, ஆறு கப் பொரியரிசியைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. பெரியவருக்கு அடுப்பில் வேலை சில நிமிடங்கள்தான். கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், வெண்ணெய் தடவிய சிறு கைகள் அதைப் பூசணியாகவோ பேயாகவோ பிடிக்கலாம். உருவம் பிசகினால் அழுத்தித் திரும்பப் பிடிக்கலாம். சைவ வீடுகள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமான மார்ஷ்மெல்லோவில் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். ஜெலட்டின் இல்லாதவையும் கிடைக்கின்றன. அவை சற்று மெதுவாக உருகும். பொரியில் பார்லி மால்ட் சேர்வதால், பெயரில் அரிசி இருப்பதை நம்பி, குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) ஆகாத குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

குக்கீ நேரத்தை விழுங்கும். மாவு பிசைந்து ஒரு மணி நேரம் குளிரவைத்து, தேய்த்து, வௌவால் அச்சால் வெட்டி, 175 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டு, முழுக்க ஆறியபின் ஐசிங் பூச வேண்டும். சூடாக இருக்கையில் பூசினால் வழிந்துவிடும். அப்படியிருந்தும் நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கு என் தேர்வு இதுவே, ஏனெனில் சுடும் ஓவனைத் தவிர எல்லா இடத்திலும் அதன் கைக்கு வேலை இருக்கிறது. முதல் நாள் சுட்டுவைத்து மறுநாள் அலங்கரித்தால் யாருக்கும் பொறுமை கெடாது. பச்சை மாவை நக்கவிடாமல் தடுப்பதுதான் பெரும்பாடு: முட்டை மட்டுமல்ல, வேகாத கோதுமை மாவும் கிருமியைச் சுமக்கும் என்பதை 2016இல் மாவு வழியாகப் பரவிய ஈ. கோலை தொற்று உணர்த்தியது. கறுப்பு ஐசிங் வேண்டுமென்றால் வெள்ளையில் நிறத்தைக் கொட்டாமல் கோகோ கலந்த ஐசிங்கிலிருந்து தொடங்கலாம். சிறிது நிறமே போதும், பல்லும் அவ்வளவு கறுக்காது.

அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டைத் தாளில் பரப்பி, மேலே வண்ணச் சர்க்கரைத் துகள்களைக் குழந்தையைத் தூவவிட்டு, உறைந்தபின் உடைத்துத் தின்னலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும் என்பதால் எண்ணெயில் கரையும் நிறமே உதவும்.

பூசணி செதுக்கும் வீட்டில் விதை எப்படியும் மிஞ்சும். நாரிலிருந்து விதையைப் பிரிக்கும் வழவழப்பான வேலையைக் குழந்தைகள் எந்த அலங்காரத்தையும்விட விரும்பிச் செய்கிறார்கள். உப்புநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பிசறி வறுத்தால் ஓடு மென்மையாகும். மிளகாய்த்தூள் தூவுவது பெரியவர்களின் பங்குக்கு. ஆனால் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பிரித்துக் கொடுப்பதோடு நிற்க வேண்டும், தின்னக் கூடாது. அதன் தட்டுக்கு, உரித்த மாண்டரின் ஆரஞ்சின் உச்சிக்குழியில் செலரித் தண்டுத் துண்டைக் காம்பாகச் செருகிய குட்டிப் பூசணி போதும். தின்னும் முன் தண்டை எடுத்துவிட்டுச் சுளைகளை நறுக்கிக் கொடுக்கலாம்.