புதுத் தங்கமா, பழைய நகையை மாற்றுவதா?

தி.நகரில் கல்யாண நகை எடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு.

புதுத் தங்கத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து வருகிறது. பல திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒரு டன் பாறைக்கு ஒரு கிராம்தான் தேறும். ஒரு சவரனுக்கு எட்டு டன்! பிரித்தெடுக்கச் சயனைடு வேறு. 2000-இல் ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவு அணை உடைந்து, டிசா ஆற்று மீன்கள் செத்தன. பெருவின் கஹமார்க்காவில் விவசாயிகள் தண்ணீருக்காகவே போராடினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம்மவர்கள் உழைத்த கோலார் சுரங்கம் 2001-இல் மூடியாயிற்று. கழிவு மேடுகள் இன்னும் நிற்கின்றன, காற்றடித்தால் தூசி பறக்கிறது.

பழையதை மாற்றினால் செய்கூலி, சேதாரம் கையைக் கடிக்கும். பாட்டியின் சங்கிலியை உருக்க மனசும் வராது, சரி. ஆனால் அதற்காக யார் வயலையும் தோண்ட வேண்டாம். நான் பழையதையே சொல்வேன். உருக்குவதையும் தரம் பார்ப்பதையும் மட்டும் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.