எதிர்பாராத சிறுநீரகக் கட்டி: ஒரு ஸ்கேன் மையத்தின் சேவை எப்படி இருந்தது?

பித்தப்பைக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் என் இடது சிறுநீரகத்தில் 18 மி.மீ. அளவில் ஏதோ தெரிந்தது. அந்தச் செய்தியைக் கையாண்ட விதத்தை வைத்தே இந்த மையத்தை மதிப்பிடுகிறேன்.

அச்சிட்ட அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் தர இயலாது. 'மேல்முனையில் வெண்மையான பகுதி. பிற மருத்துவ விவரங்களோடு பொருத்திப் பார்க்கவும்' என்று முடித்துவிட்டார்கள். அது நீரா, திசுவா, அடுத்து என்ன பரிசோதனை என்பதெல்லாம் அதில் இல்லை.

கதிரியக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திய பிறகே நிலைமை மாறியது. அவர் திரையைத் திருப்பிக் காட்டி விளக்கினார். சாதாரண நீர்க்கட்டி என்றால் உள்ளே முழுக் கறுப்பாகவும், சுவர் மெல்லியதாகவும், அதன் பின்பகுதி கூடுதல் வெளிச்சமாகவும் தெரியும். 50 வயதைக் கடந்தவர்களிடம் அது சகஜம், பெரும்பாலும் தொடர்ந்து கண்காணிக்கக்கூடத் தேவையில்லை. என்னுடையதைப் போல வெண்மையாகத் தெரிவது பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிப்போமா என்னும் கொழுப்பு கலந்த, புற்றுநோயல்லாத கட்டி. ஆனால் சிறிய புற்றுநோய்க் கட்டிகள் சிலவும் இப்படித் தெரியக்கூடும் என்பதால், அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டேன் என்றார். பயத்தை மறைக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. (காத்திருப்பு அறைச் சுவரில், சிறுநீரக நீர்க்கட்டிகளைப் புற்றுநோய் அபாயத்தின்படி தரம் பிரிக்கும் போஸ்னியாக் வகைப்பாட்டு அட்டவணையை மாட்டியிருக்கிறார்கள். அது நீர்க்கட்டிகளுக்கு மட்டுமே உரியது. என்னைப் போன்றவர்களை வீணாகக் குழப்பும்.)

அதனால் எடுக்க வேண்டியிருந்த சிடி ஸ்கேனை ஒழுங்காகச் செய்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே நேரம் ஒதுக்கினார்கள். படத்தில் வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு முன்பும் பின்பும் படமெடுத்தார்கள். மருந்துக்கு முந்தைய படத்தில், ஓர் இடம் எவ்வளவு அடர்த்தியானது என்று சிடி அளந்து காட்டும் அடர்த்தி எண் −10க்குக் கீழே இருந்தால் அங்கே கொழுப்பு இருப்பதாகக் கொள்ளலாம். எனக்கு −60ஐ ஒட்டி வந்ததால் ஆஞ்சியோமயோலிப்போமா என்று உறுதியாக எழுதினார்கள். இத்தகைய கட்டியில் இரத்தக்கசிவு அபாயம் பொதுவாக அதன் அளவு 4 செ.மீ.க்கு மேல் போனால்தான் கூடுகிறது என்பதையும் குறிப்பிட்டு, ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முதல் அறிக்கையும் இப்படி இருந்திருக்க வேண்டும்.

இங்கே தயங்காமல் போகலாம். ஆனால் மருத்துவரைச் சந்திக்கும் வாய்ப்பை முகப்பில் இருப்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை, கேட்டுப் பெற வேண்டும். ஃபிலிமோடு திரும்பாமல் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அடர்த்தி எண்ணை வேறொரு மருத்துவர் மறுபடி அளக்க முடியாது.